கோக்-சகிஸ் என்னும் ரப்பர் டாண்டெலியன்: இனமறிதலும் பயிர் செய்தலும்

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த டாண்டெலியன் செடி குளிர் தேசங்களின் வயல்களிலும் புல்வெளிகளிலும் களையாக முளைப்பது. அதன் இனங்களுள் ஒன்றாகிய கோக்-சகிஸ் ரப்பர்ப் பயிராகக் கருதப்படுகிறது. அதன் வேரில் நல்ல ரப்பர் உண்டு. கஜகஸ்தானத்துத் தியென்-ஷான் மலைகளின் இடையே, ஏறக்குறைய 6,000 அடி உயரத்திலுள்ள ஈரமான உவர்ப் புல்வெளிகளே இப்பல்லாண்டுச் செடியின் பிறப்பிடம். அங்குள்ள மக்கள் இதன் வேரை மென்று வந்தனர். ரப்பர் தரும் தாவரங்களைத் தேடிய சோவியத் ஆராய்ச்சியாளர் 1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதனைக் கண்டெடுத்தனர்.

1942-இல் மலேயா ஜப்பானியர் வசமானபோது, தமிழ்த் தொழிலாளர் பலர் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர் நேச நாடுகளுக்குக் கிட்டாது போயிற்று. அவ்வாண்டிலேயே சோவியத் நாட்டினின்று இதன் விதை அமெரிக்காவுக்கு வருவிக்கப்பட்டுப் பல மாகாணங்களில் பயிரிடப்பட்டது. யுத்தம் முடிந்து மரரப்பர் மீண்டும் கிடைத்ததும் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இனமறியும் விதம்.— களை டாண்டெலியனின் இலை பசுமையாய், ஆழ்ந்த பற்களுடன் இருக்கும். கோக்-சகிஸின் இலையோ சற்றுத் தடித்து, சாம்பல் கலந்த நீலப் பச்சையாய், மயிரின்றி, ஆழமற்ற விளிம்புடையது. முன்னதன் மொக்கைச் சூழ்ந்த வெளிச் செதில்கள் கீழ்நோக்கி வளையும். பின்னதன் செதில்களின் நுனியில் சிறு கொம்பு போன்ற முனை தோன்றும். உலர்ந்த வேரை முறித்து மெல்ல இழுத்தால் இரு துண்டுகளுக்கும் இடையே நூல் போன்ற ரப்பர் இழைகள் நீளும். பால் வடிவதை மாத்திரம் கண்டு தீர்மானித்தல் தவறு. களைச் செடியிலும் பால் உண்டு.

இவ்வடையாளங்களும் எப்போதும் போதா. டாரக்ஸாகம் பிரெவிகார்னிகுலேட்டம் என்னும் மற்றோரினத்துக்கும் கொம்புச் செதில் உண்டு; ஆனால் அதன் வேரில் ரப்பர் சொற்பமே. தாவரத் தோட்டங்களிலும் விதைச் சேமிப்பகங்களிலும் கோக்-சகிஸ் என்ற பெயரில் வைத்திருந்தவற்றுள் பெரும்பகுதி இவ்வினமே என்று 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பெயர்ச் சீட்டை நம்பி விதைப்பவன் பாடுபட்டும் பயன் காணான்.

இதற்குரிய சோதனை எளிது. கோக்-சகிஸ் தன் மகரந்தத்தால் விதை பிடிப்பது அரிது. வேறு செடியின் மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டுவர வேண்டும். மற்றதோ மகரந்தமின்றியே விதை தரும். ஆகையால் விரியாத மொக்கின் மேற்பாதியைக் கூரிய கத்தியால் அறுத்து விட்டுவிடுக. அது பின்னரும் நிறைய நல்ல விதை கொடுக்குமாயின், அச்செடி கோக்-சகிஸ் அன்று; அதனைப் பூக்கவிடாது வேரோடு களைந்தெறிக.

விதையும் விதைப்பும்.— விதை மிகச் சிறிது. ஆயிரம் விதையின் எடை சுமார் அரைக் கிராமுக்குள் அடங்கும். அதனை ஈரமாக்கி, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பின் விதைத்தால் முளைப்பு ஒரே சீராகும். நிலம் வளமுள்ளதாய், நயமாய்ப் புழுதி செய்யப்பட்டதாய், ஈரம் காப்பதாய் இருத்தல் வேண்டும். விதையின்மேல் கால் அங்குலத்துக்கு மிகுதியாக மண் மூடலாகாது. வரிசையாக விதைத்தலே நன்று. இளஞ்செடி மிக மெதுவாய் வளருமாதலின், களை அதனை எளிதில் அமுக்கிவிடும். இப்பயிரின் செலவில் பெரும்பங்கு களையெடுப்புக்கே ஆகும். கடும் வறட்சியில் இலை உதிர்ந்து வேர் உறங்கும். மழைக்குப் பின் மீண்டும் துளிர்க்கும்.

வேர் எடுத்தல்.— இலையுதிர் காலத்தில், முதலாண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ வேரைத் தோண்டலாம். விதை வேண்டுவோர் இரண்டாம் ஆண்டின் பூப்பை எதிர்நோக்குதல் தகும். காய்கள் முதிர்ந்து பஞ்சு விரியுமுன் தினமும் பறிக்க வேண்டும். தாமதித்தால் காற்று விதையைக் கொண்டுபோய்விடும். உலர்ந்த வேரில் இன்யூலின் என்னும் பொருளும் மிகுதியாய் உண்டு. வேரை வெந்நீரில் ஊறவைத்து அதனைப் பிரித்த பின், கூழாங்கல் இட்ட உருளையில் அரைத்தால் ரப்பர் நீரில் மிதந்து வரும்.

மரரப்பரின் விலை குறைந்த காலத்தில் இப்பயிர் கட்டுப்படியாவது கடினம். எனினும் ரப்பர் மரம் வளராத குளிர் நாடுகளில் இதன்பால் மீண்டும் கவனம் திரும்பியிருக்கிறது. 2018-இல் ஜெர்மனியின் அன்க்ளாம் நகரில் டயர்க் கம்பெனியொன்று இதற்கென ஆராய்ச்சிக் கூடம் திறந்தது. அவ்விடங்களில் பயிரிட விரும்புவோர் முதலில் சிறு பாத்தியில் விதைத்து, மொக்கையும் வேரையும் சோதித்து, உண்மை இனம் என்று கண்ட பின்னரே வயலை அதற்கு ஒதுக்குதல் நலம்.