அடையாற்றுக் கரையில் ஒரு திருப்புமுனை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

திருப்புமுனை என்னும் சொல்லை வரலாற்று ஆசிரியர்கள் தாராளமாகக் கையாளுகிறார்கள். கணிதம் பயிலும் எங்களுக்கு அந்தத் தாராளம் இல்லை. ஏறிக்கொண்டே வந்த ஒரு வளைகோடு இறங்கத் தொடங்கும் இடத்தில் அதன் வகைக்கெழு சுழியாகும். குறி மிகையிலிருந்து குறையாக மாறும். அப்போதுதான் திரும்பிற்று என்று ஒப்புக்கொள்வோம். அந்தப் புள்ளியிலேயே நிற்பவனுக்கோ தரை சமமாகத்தான் தோன்றும். இறக்கம் தெரிய அவன் இன்னும் சில அடிகள் நடந்தாக வேண்டும். இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றுத் துறைக்குள் நுழைகிறேன். அத்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

உலக வரலாற்றின் திருப்புமுனைகள் யாவை என்று கேட்டால் 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளின் வீழ்ச்சி, 1492இல் கொலம்பசின் பயணம், 1789இல் பிரெஞ்சுப் புரட்சி, 1917இல் ரஷ்யப் புரட்சி என்று நாம் எல்லாரும் ஒப்புவித்துவிடுவோம். இந்தியாவுக்கு என்றால் 1757, பிளாசிப் போர். நண்பர்களே, பிளாசிக்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, எங்கள் வேளச்சேரியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய ஓர் இடத்தில் அந்த வளைகோடு திரும்பிவிட்டது என்பது என் கருத்து. அடையாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து, சாந்தோமுக்குத் தெற்கே 1746இல் நடந்த போரைத்தான் சொல்லுகிறேன். பள்ளிப் பருவத்தில் சில வரிகளில் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்த போர் அது.

அதன் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1740இல் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தார். அவர் மகள் மரியா தெரேசாவின் வாரிசுரிமையை ஒட்டி எழுந்த போரில் 1744இல் பிரான்சும் இங்கிலாந்தும் நேருக்கு நேர் மோதின. வியன்னாவின் வாரிசுத் தகராறுக்கும் மயிலாப்பூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியின் கோட்டை இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் கோட்டை இருந்தது. அவ்வளவுதான் தொடர்பு. 1746 செப்டம்பரில் லபூர்தொனே என்பவரின் கப்பற்படை சென்னைக் கோட்டையைப் பிடித்தது. அங்கே எழுத்தராக வேலை பார்த்த இருபது வயது இளைஞர் ஒருவர் மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் போய்ச் சேர்ந்தார். அவர்தாம் ராபர்ட் கிளைவ்.

அப்போது இந்நாட்டின் அதிபதி ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன். தம் எல்லைக்குள் இரண்டு வணிகக் கம்பெனிகள் சண்டையிடுவதை அவர் விரும்பவில்லை. சென்னையைப் பிடித்து நவாபிடமே ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே வாக்களித்தார். பிடித்த பிறகு ஒப்படைக்கவில்லை. வெகுண்ட நவாப், தம் மகன் மாபுஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். பத்தாயிரம் பேர் என்று நூல்கள் கூறுகின்றன. (இத்தனை முழுமையான எண்ணைக் கண்டால் கணித மாணவனுக்குச் சற்று ஐயம் வருவது இயல்பே.) முதலில் கோட்டையிலிருந்து நானூறு பேர் இரண்டு பீரங்கிகளுடன் வெளியே வந்தனர். நவாபின் குதிரைகள் நெருங்கியதும் அவர்களுடைய வரிசை இரண்டாகப் பிரிந்து பீரங்கிகளுக்கு வழிவிட்டது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையில் மூச்சுவிடக்கூட நேரமில்லை. குதிரைப்படை கலைந்தது.

இதற்கிடையே புதுச்சேரியிலிருந்து பாரடிஸ் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் சிறு படை ஒன்றுடன் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவரை மறிக்க மாபுஸ்கான் அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளை நிறுத்தினார். பாரடிசிடம் பீரங்கியே இல்லை. ஆனால் ஆற்றில் இறங்கிக் கடக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். நீரில் இறங்கி, கரையேறி, ஒரே சமயத்தில் சுட்டு, துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிகளோடு அவர் படை பாய்ந்தது. நவாபின் படை மயிலாப்பூர்ப் பக்கம் ஓடியது; நெரிசலான தெருக்களில் மேலும் சுடப்பட்டுச் சிதறியது. ஆங்கிலேயர் நூல்களில் இதன் நாள் அக்டோபர் 24 என்றும், பிரெஞ்சுக் கணக்கில் நவம்பர் 4 என்றும் இருப்பதைக் கண்டு முதலில் குழம்பினேன். இரண்டும் ஒரே நாள்தான். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்ததால் பதினோரு நாள் பின்தங்கியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கொத்தனார். இந்தப் போரைப் பற்றி ஓர் இரவு சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "பத்தாயிரம் பேரு ஆயிரம் பேருகிட்ட எப்படிடா தோத்தான்? நம்மாளுங்க அவ்வளவு பயந்தாங்கொள்ளியா?" என்று கேட்டார். நான் விடை தேடுவதற்குள் அவரே சொன்னார்: "தளம் போடும்போது நீ பார்த்ததில்லையா? கலவை கைமாறுற வரிசை அறுந்துடக் கூடாது. பழகின ஆளு இருபது பேர் இருந்தாப் போதும். பழகாதவன் அம்பது பேர் இருந்தாலும் கலவை பாண்டுலயே இறுகிப்போயிடும்."

படித்துப் பார்த்தபோது அவர் சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. அக்காலத்துத் துப்பாக்கி குறி தவறுவதில் பெயர் பெற்றது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைச் சுட்டு வீழ்த்துவது குருட்டு அதிர்ஷ்டமே. ஆனால் பழகிய வீரன் காகிதத்தில் சுற்றிய மருந்தைப் பல்லால் கிழித்து, கொட்டி, இடித்து, நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான். இருநூறு துப்பாக்கிகள் நிமிடத்துக்கு இரண்டு முறை என்றே வைத்துக்கொண்டாலும் நானூறு குண்டுகள். ஒரு பிரிவு சுடும்போது மறு பிரிவு மருந்து இடுவதால் இடைவெளி விழாது. நவாபின் பீரங்கிகளோ கால்மணிக்கு ஒரு முறை சுட்டாலே நல்ல வேகம் என்று கருதப்பட்டவை. மேலும் குதிரை வீரனின் குதிரை அவனுடைய சொந்தச் சொத்து. அது செத்தால் அவன் பிழைப்பும் போயிற்று. அப்படிப்பட்டவன் பீரங்கியின் வாய்க்கு நேரே குதிரையை ஓட்டத் தயங்கியதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பாரடிசின் படையில் ஐரோப்பியர் ஏறத்தாழ 230 பேர். இந்தியச் சிப்பாய்கள் 700 பேர் என்பது பெரும்பாலோர் தரும் கணக்கு. அதாவது வென்ற பக்கத்தில் நான்கில் மூன்று பங்கு இந்நாட்டவரே! ஆகவே வெள்ளையர் வீரர், நம்மவர் கோழைகள் என்னும் பேச்சுக்கு அடையாற்றில் இடமில்லை. ஆற்றின் தென்கரையில் நின்றவனும் வடகரையில் நின்றவனும் பயிற்சியால் வேறுபட்டனர், பிறப்பால் அன்று.

போரின் முடிவோ வேடிக்கையானது. 1748இல் ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர் சென்னையைத் திருப்பிக் கொடுத்தனர். பதிலுக்கு, வட அமெரிக்காவில் தாங்கள் இழந்திருந்த லூயிபர்க் கோட்டையைப் பெற்றனர். அந்தக் கோட்டையை 1745இல் அரும்பாடுபட்டுப் பிடித்த அமெரிக்கக் குடியேறிகளுக்கு, அது யாரோ கேள்விப்படாத ஊருக்காகக் கைமாறியதில் கடுங்கோபம். நம் ஊர் அமெரிக்க அரசியலிலும் தலையிட்டிருக்கிறது!

ஆக, நிலத்தைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை. ஆங்கிலேயர் கோட்டை ஆங்கிலேயரிடம், நவாப் ஆர்க்காட்டில். நான் முதலில் சொன்ன சமதளம் இதுதான். ஆனால் சரிவு தொடங்கிவிட்டது. 1748இல் வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் ஆங்கிலேயருக்காகச் சிப்பாய்களைப் பழக்கத் தொடங்கினார். 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் மாண்டார். 1751இல் கிளைவ் ஐந்நூறு பேரோடு ஆர்க்காட்டைப் பிடித்தார். 1756 அக்டோபரில் அவர் சென்னையிலிருந்து கப்பலேறி வங்காளம் சென்றார். பிளாசியில் அவர் பக்கம் நின்ற ஏறத்தாழ மூவாயிரம் பேரில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பாய்கள். அங்கே மீர்ஜாபரின் துரோகமும் வேலை செய்தது. அது பலரும் அறிந்த கதை. இந்த ஆண்டுகளை நேரில் கண்டு எழுதிய சான்றுகளுள் தலைசிறந்த ஒன்று தமிழில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1736 முதல் 1761 வரை புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பே அது.

பயிற்சிதான் எல்லாம் என்றால், கற்றுக்கொண்டவர்கள் ஏன் வெல்லவில்லை என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. ஐதர் அலி கற்றுக்கொண்டார்; 1769இல் சென்னையின் வாசல்வரை வந்து உடன்படிக்கையில் ஆங்கிலேயரைக் கையொப்பமிட வைத்தார். மராட்டியர் கற்றுக்கொண்டனர். ஆனால் மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வங்காளத்து வரிப்பணமும், முற்றுகையிட்ட ஊருக்கு அரிசியும் ஆளும் கொண்டுவரக் கடலும் கம்பெனியின் கையில் இருந்தன. பழகின ஆளும் கூலி வராவிட்டால் மறுநாள் வேலைக்கு வரமாட்டான். டூப்ளே கண்ட கனவு பிரெஞ்சுக்காரருக்கே பலிக்காமல் 1761இல் புதுச்சேரி வீழ்ந்ததற்கும் கடலும் காசுமே காரணம்.

எனினும் அடையாற்றுப் போருக்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, வேறு வழியும் உண்டு என்று காட்டியவர் ஒருவர் இருந்தார். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் டச்சுக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தார். சிறைப்பட்ட டிலனாய் என்னும் அதிகாரியை அவர் கொல்லவில்லை. விலைபேசி அனுப்பவும் இல்லை. தம் படைக்கே ஆசிரியராக்கினார். டிலனாய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, படையைப் பழக்கி, கோட்டைகளைப் பலப்படுத்தி 1777இல் மறைந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.