பெரகல சந்தியில் ஜிம் திறக்கும் தம்பிக்கு



சந்தியில் ஒரு கடையின் மேல்மாடியை வாடகைக்குப் பேசியிருப்பதாகவும், தவணைக்குச் சாமான் எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். கூடவே ஒரு பட்டியலும் வைத்திருந்தாய்: ட்ரெட்மில், கேபிள் மெஷின், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. பதிலைப் பத்திரிகை வழியாகவே எழுதுகிறேன். ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் இதே யோசனையோடு இன்னும் சில பிள்ளைகள் திரிகிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

ட்ரெட்மில்லை முதலில் வெட்டிவிடு. கொழும்பு ரோடும் வெல்லவாய ரோடும் ஹப்புத்தளை ரோடும் கூடுகிற இடம் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கரண்ட் பில் கட்டி நடக்கவேண்டிய ஊரா அது?

கண்ணாடியும் இப்போது வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் நிற்கப்போவது யார் என்று உன் மனதில் ஒரு படம் இருக்கிறது. பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள், கைச்சதை பெருக்க வருகிறவர்கள். அவர்கள் வருவார்கள், மூன்று மாதம் ஒழுங்காக வருவார்கள், பிறகு கொழும்பில் வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். உன் கடையைத் தூக்கி நிறுத்தக்கூடியவர்கள் வேறு ஆட்கள். நாற்பது தாண்டிய தேயிலைக் கொழுந்துக்காரப் பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கார்மென்ட்டுக்குப் போகிற பிள்ளைகள், சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள கடை முதலாளிமார், பென்ஷன் எடுத்த வாத்திமார். உடம்பு நாளாந்தம் வேலை செய்யவேண்டும், அதற்குமேல் ஆசை இல்லாதவர்கள் இவர்கள். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டால்தான் நீ பயிற்சியாளன்.

அவர்களிடம் போய்ப் பேசினால் முதலில் கிடைக்கப்போகும் பதில் எனக்குத் தெரியும். "நாள் பூரா மலையில ஏறி எறங்குறோம், இதுல எக்சசைஸ் வேறயா?" சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதே. உன் தொழிலின் மிகக் கடினமான கேள்வி அதுதான்.

டென்மார்க்கில் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தார்கள். ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்பவரும் சக ஆய்வாளர்களும் கோப்பன்ஹேகனில் 1,04,046 பேரைச் சுமார் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இருதய நோயும் மரணமும் குறைவாக இருந்தன. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கு அவை கூடுதலாக இருந்தன. வேலைதான் காரணம் என்று அந்த ஆய்வு ஒரேயடியாக நிரூபித்துவிடவில்லை. வறுமை, சாப்பாடு, புகை எல்லாம் உள்ளே கலந்திருக்கலாம், விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் விளக்கம் நம் மலைக்கு அப்படியே பொருந்துகிறது. வேலைச் சுமை மணிக்கணக்காக நீள்கிறது, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தபடியே இருக்கின்றன, எப்போது நிறுத்தி இளைப்பாறுவது என்பது வேலை செய்கிறவரின் கையில் இல்லை.

ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் நாளை யோசி. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலையில் இறங்கி, சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக ஊன்றி நிற்கிறாள். கூடையோ சாக்கோ, பட்டி தலையில் மாட்டியிருக்கிறது. கழுத்து முன்னுக்கு வந்திருக்கிறது, முதுகு அரைக் குனிவில், கைகள் எப்போதும் நெஞ்சுக்கு முன்னால். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ, சில தோட்டங்களில் 20. எடுத்த கொழுந்தைச் சுமந்துகொண்டு, நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அந்தச் சுமைக்கு உடம்பு பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு இருபது வருடம் அதே எடை, அதே குனிவு, அதே விரல். சதை வளர்வதற்கு மூன்று சங்கதி வேண்டும்: பழகியதைவிடக் கொஞ்சம் கூடிய சுமை, அதன்பின் ஓய்வு, ஓய்வில் சாப்பாடு. மலையில் இந்த மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. கவ்வாத்து வெட்டின மலையில் மறுநாளே கொழுந்தெடுக்க ஆளை இறக்குவார்களா? செடிக்குக் கொடுக்கிற அவகாசம் ஆளுக்கு இல்லை. அந்தியில் வீடு திரும்பினால் விறகும் தண்ணியும் அடுப்பும் காத்திருக்கின்றன.

ஆகவே அவளுக்கு நீ கொடுக்கவேண்டியது இன்னும் கொஞ்சம் களைப்பு அல்ல. வியர்வை சொட்டச் சொட்டக் குதிக்கவைக்கும் வகுப்புகளை அவளுக்கு வைக்காதே. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணித்தியாலம் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் சதைக்கான பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது. நாள் முழுக்க முன்னால் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுக்கவை. பழைய சைக்கிள் டியூப்பைத் தூணில் கட்டி, இரண்டு முனையையும் பிடித்து, முழங்கை விலாவை உரசப் பின்னால் வரும்படி இழுக்கச் சொல், தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கவேண்டும். பத்துத் தடவை, இளைப்பாறி மறுபடி பத்து. சுமந்து நடக்கிற பயிற்சி அவளுக்கு வேண்டாம், அது அவளுக்கு நிறைய இருக்கிறது. ஆட்டோக்காரருக்கும் கடைக்காரருக்கும் அதைக் கொடு: ஒற்றைக் கையில் கேன், உடம்பு சாயாமல் அறையை ஒரு சுற்று.

குனியக் கற்றுக்கொடுப்பதற்கு உன் டிப்ளோமா வகுப்பில் என்ன சொன்னார்களோ தெரியாது, இங்கே அதற்கு மட்டக்கம்பைவிட நல்ல சாமான் இல்லை. கொழுந்தெடுக்கும்போது வாதின் மட்டம் பார்க்கிற அதே கம்பை அவள் முதுகோடு நெட்டாகப் பிடிக்கச் சொல். பின்மண்டை, இரண்டு தோள்பட்டைக்கும் நடு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு ஆகிய மூன்று இடத்தில் கம்பு தொடவேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவதுபோலக் குனிய வை. ஒரு இடம் கம்பை விட்டு விலகினாலும் அங்கே நிறுத்து. முதல் நாள் பாதிதான் குனிய முடியும், தொடையின் பின்பக்கம் இழுக்கும். மூன்றாம் வாரம் கம்பை வாங்கிக்கொண்டு கையில் மணல் கேனைக் கொடு. கம்பு அவள் கைக்குப் பழக்கமானது, அதனால் பயமும் இராது.

சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து லீட்டர் எண்ணெய்க் கேனில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் ஏறக்குறைய 8. தராசில் நிறுத்து, எடையைக் கேனில் பெயின்டால் எழுதிவை. கோதுமை மா சாக்கில் மணலை இருமடிப்பாகக் கட்டினால் தூக்குவதற்கும் தோளில் வைப்பதற்கும் ஆகும். சுவர், ஒரு உறுதியான வாங்கு, ஒரு படி. வாங்கில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மட்டக்கம்புக் குனிவு, டியூப் இழுப்பு. இதோடு படியிலிருந்து ஒரு காலை மெதுவாகக் கீழே வைத்துத் திரும்ப எடுப்பது. கடைசியை விட்டுவிடாதே. இறக்கத்தில் தொடைச் சதை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டும், நம் ஆட்கள் முழங்கால் வலி என்று சொல்வது பெரும்பாலும் இறக்கத்தில்தான். சம்பாதித்தபின் பார்பெல் வாங்கு, நான் தடுக்கமாட்டேன்.

சுமையைக் கூட்டுவது பற்றி இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஒரு கதை உண்டு. அமெரிக்க ராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், முழங்கால் அடிபட்ட சிப்பாய்களுக்கு அன்று வழக்கத்தில் இருந்த இலேசான அசைவுகளை விட்டுவிட்டு, கனத்தைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கவைத்தார். 1945-ல் அதை எழுதினார். ஆரம்பத்தில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்துச் சுற்றுவரை போனவர், பிறகு மூன்று சுற்றே போதும் என்று குறைத்தார். உலகத்து ஜிம்மெல்லாம் இன்றும் சொல்கிற பத்து மூன்று தரம் அங்கிருந்து வந்தது. நீ கவனிக்கவேண்டியது இன்னொன்று: பத்தாவது தடவை முடிந்தபின்னும் இன்னும் இரண்டு தூக்கமுடியும் என்ற நிலையில் நிறுத்தவை. பன்னிரண்டு சுலபமாக வந்தால் அடுத்த கேன். எல்லாவற்றையும் கொப்பியில் எழுது, ஆளுக்கொரு கொப்பி. கொப்பி இல்லாத ஜிம்மில் யாரும் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

பையன்கள் வந்ததும் யார் கூடத் தூக்குகிறான் என்று பந்தயம் தொடங்கும். தென் தமிழ்நாட்டு ஊர்களில் கோயில் முன்னால் இளவட்டக்கல் கிடக்கும், அதைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் போடுகிறவன் ஆம்பளை. நம் பாட்டன்மார் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தானே, இரத்தத்தில் இருக்கும். கல் தூக்குவது சோதனை. சோதனையை வருடத்துக்கு ஒரு தரம் திருவிழாவில் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வைத்தால் முதுகு போகும். ஊசி, மருந்து என்று எவனாவது கேட்டால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பு.

பெண்களை எப்படிக் கூட்டிவருவது என்று கேட்டிருந்தாய். தனி நேரம் வை, கீழே கடைக்கு வருகிறவர்கள் எட்டிப்பார்க்காதபடி ஒரு திரை போடு, ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துப் பழக்கு. உன் அக்கா சம்மதித்தால் அவளையே. வெட்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கர்ப்பப்பை இறக்கம், மாதப்போக்கு, பிரசவத்துக்குப் பிந்திய வயிறு பற்றியெல்லாம் உன்னிடம் யாரும் வாய்திறக்கமாட்டார்கள், ஆனால் அது தெரியாமல் நீ கனம் தூக்கவைக்கக்கூடாது. பாரம் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறவர்களுக்கு தினுஷா கோமஸின் படத்தைக் காட்டு. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் 48 கிலோ பிரிவில் இலங்கைக்கு வெண்கலம் எடுத்தவர். 48 கிலோ! நம் கொழுந்துக்காரப் பெண்கள் பலரின் எடை அதுதான்.

வயசாளிகளை ஒதுக்காதே. 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குக் கனமான பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தடி ஊன்றி வருகிற தாத்தாவுக்கும் வாங்கில் உட்கார்ந்து எழும்பும் பயிற்சி உண்டு, முதலில் கை ஊன்றி, பிறகு ஊன்றாமல்.

சேர்க்கும்போதே பிரஷர் பார். ஒரு நல்ல மெஷின் வாங்கு, அந்த ட்ரெட்மில் காசில் கொஞ்சம்தான் செலவாகும். கூடுதலாகக் காட்டினால், நெஞ்சு நோவு என்றால், சும்மா நடக்கும்போதே மூச்சு வாங்கினால், கண்ணின் கீழிமை வெளுத்திருந்தால், தியத்தலாவை வைத்தியசாலைக்கு அனுப்பி மருந்து தொடங்கியபின் வரச்சொல். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க யாரையும் விடாதே, தூக்கும்போது ஊதவேண்டும். கீழிமை வெளுப்பது இரத்தக்குறைவின் அடையாளம், அது நம் தோட்டங்களில் சாதாரணம். அதில் சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணிக்கும் ஒரு பங்கு இருக்கிறது, தேயிலையின் டானின் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். தேத்தண்ணி குடிக்காதே என்று தேயிலைத் தோட்டத்தில் சொன்னால் உன்னை அடித்து விரட்டுவார்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல், அது நடக்கும்.

புரதமாவு டப்பா விற்கும் யோசனையும் உன் பட்டியலில் இருந்தது. ஐம்பது கிலோப் பெண்ணுக்குப் பயிற்சியோடு சேர்த்து நாளுக்கு 60 கிராம் புரதம் போதும். 200 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டியில் 20 வந்துவிடும். இரண்டு முட்டை 12, ஐம்பது கிராம் பருப்பு 12, முப்பது கிராம் சோயா மீட் 15. கூட்டிப்பார், 59. சம்பலோடு நின்றுவிடாமல் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக்கொடுப்பதே உன் வேலை. முட்டைகூட வாங்க முடியாத மாதங்கள் உண்டு என்பதும் உனக்குத் தெரியும். அந்த மாதங்களில் சுமையைக் கூட்டாதே, இருப்பதைக் காத்தால் போதும். மழை பெய்து கொழுந்து பொங்குகிற வாரங்களிலும் அப்படியே, பாதிப் பயிற்சி. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போது கொழுந்து குறையும், கூட்டுவதற்கு அதுதான் காலம்.

தோட்ட நிர்வாகம் ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தால் கிலோ கூடுமா என்று கேட்கலாம். மண்டபம் கொடுத்தால் வாங்கிக்கொள், அந்தக் கிலோக் கணக்கை மட்டும் உன் கொப்பியில் ஏற்றாதே. அவள் பலம் அவள் வீட்டுக்குப் போகவேண்டும். சம்பளப் பிரச்சினையைத் தொழிற்சங்கம் பேசட்டும், நீ முதுகைப் பார்.

நேரம் பற்றிக் கடைசியாக. காலை வகுப்பு கடைக்காரருக்கும் வாத்திமாருக்கும். கொழுந்துக்காரர்களுக்கு மாலை ஐந்தரை, அந்த இரண்டு நாளுக்கும் இடையில் ஒரு நாளாவது விட்டு. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இருப்பார்கள், அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்காதே. காசை மாதத் தொடக்கத்தில் கேட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள், 10ஆம் திகதி சம்பளம் போட்டபிறகு வாங்கு. முதல் மாதம் இலவசம் என்று போர்டு போடாமல், முதல் இரண்டு வாரத்தை மட்டும் இலவசமாக வை. உடம்பு வித்தியாசத்தைக் கொஞ்சம் உணர அது போதும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மேல்மாடிப் படியில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து எழுது, இல்லாவிட்டால் முதலாளியைக் கொண்டு போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விளையாட்டு மாஸ்டர்