மொட்டை மாடியில் ஒரு மின்நிலையம்

வடகமும் வற்றலும் உலர்த்துவதற்கென வெயிலை நாடிய மொட்டை மாடிகளில் இன்று கருநீலத் தகடுகள் சாய்ந்து நிற்கின்றன. கதிரொளியை நேரே மின்சாரமாக்கும் சூரியத் தகடுகள் அவை. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கான் மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கு அளவிலேயே மின்னாக்கியது. இன்றைய தகடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மின்னாக்குகின்றன.

திருச்சிராப்பள்ளியில் ஒரு வீட்டைக் கருதுவோம். மகன் தகடு பொருத்த விரும்புகிறான். வீட்டின் மேற்கே நிற்கும் வேம்பின் நிழல் மாடியில் விழுகிறது. மரத்தை வெட்டினாலன்றிப் பயனில்லை என்கிறார் விற்பனையாளர். தாய்க்கு அதில் உடன்பாடில்லை.

இத்தகைய முடிவுக்கு முதலில் பார்க்க வேண்டியது கூரையை அன்று, மின்கட்டண அட்டையை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. 150 யூனிட் செலவிடும் வீடு 50 யூனிட்டுக்கே பணம் செலுத்துகிறது. அச்சிறு தொகையை மிச்சப்படுத்தப் பெருந்தொகையை முடக்குவது அறிவுடைமையன்று. இந்த வீடோ 620 யூனிட் செலவிடுகிறது. பயன்பாடு 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி அவற்றுக்கு முந்தைய யூனிட்டுகள் பலவற்றுக்கும் விலை உயர்ந்துவிடும்.

ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும்; இரு மாதங்களில் 240. பகலில் எஞ்சும் மின்சாரம் தெருக் கம்பிக்குச் செல்லும். இரவில் வேண்டியது அங்கிருந்து வரும். இருவழி மீட்டர் இரண்டையும் கணக்கிடும். இரண்டு கிலோவாட் பொருத்தினால் இவ்வீட்டின் நிகரப் பயன்பாடு 140 யூனிட்டாகச் சுருங்கும். ஒன்றிய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தின்படி, இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000 மானியம் கிடைக்கும். மூன்றும் அதற்கு மேலும் எனில் ரூ.78,000. மானியம் கூடுகிறதே என்று தேவைக்கு மீறிப் பொருத்துவோர் உண்டு. அது கணக்கறியாமை.

தகடு இருந்தால் மின்தடையே இராது என்பது பரவலான தவறான எண்ணம். மின்கலச் சேமிப்பு இல்லாத அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைச் சீர்செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். புயல் வீசிய பின் ஊர் இருளில் கிடக்கும் நாள்களில், உச்சி வெயிலிலும் அத்தகடுகள் அவ்வீட்டுக்கு உதவா.

கோடை வெயிலில் உற்பத்தி மிகுமென எண்ணுவதும் முழு உண்மையன்று. தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. 25 பாகை செல்சியசுக்கு மேல் தகடு சூடேறச் சூடேற அதன் திறன் சிறிது சிறிதாகக் குறையும்.

இனி அந்த நிழல். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். விற்பனையாளரின் அச்சம் பொய்யன்று. ஆனால், நிழல் எங்கே, எப்பொழுது விழுகிறது என்பதை அவர் அளக்கவில்லை. தாய் அளந்தார். காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை நிழலின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் கோடிட்டார். மார்கழியில் ஒருநாள், சித்திரையில் ஒருநாள். பிற்பகல் மூன்று மணி வரை மாடியின் கிழக்குப் பாதியை நிழல் தொடவேயில்லை. ஒரு நாளின் உற்பத்தியில் பெரும்பங்கு அதற்குள் முடிந்துவிடும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போதும். கிழக்குப் பாதியில் 250 சதுர அடி இருந்தது. மேலும், மேற்கு வெயிலைத் தடுக்கும் வேம்பு போய்விட்டால் அறைகள் சூடேறி, குளிர்சாதனம் கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கும். தகடு ஈட்டியதில் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்வாகக் கிழக்குப் பாதியில் அமைந்தன. வேப்பம்பூ உதிரும் நாள்களில் மட்டும் அவற்றை ஒருமுறை கூடுதலாகக் கழுவ வேண்டியிருக்கிறது.