பூட்டும் திறவுகோலும்

வீடு சிறிதாயினும் பெரிதாயினும் அதற்குக் கதவு இன்றியமையாதது. கதவுக்குக் காவல் பூட்டு. உள்ளங்கையில் அடங்கும் சிறு பித்தளைப் பூட்டு ஒன்று, நாம் வெளியே சென்றிருக்கும் பொழுதெல்லாம் உண்ணாமலும் உறங்காமலும் நம் உடைமையைக் காத்து நிற்கின்றது. இத்துணை உதவி புரியும் அச்சிறு பொருளைப் பற்றி நாம் ஒரு நாளேனும் எண்ணிப் பார்ப்பதுண்டோ? பூட்டுக்குக் கடமை இரண்டு. அயலார்க்குத் திறவாமை ஒன்று. உரியவர்க்குத் தவறாமல் திறத்தல் மற்றொன்று. முதற்கடமை பூட்டைச் செய்தவனுடைய திறமையைப் பொறுத்தது. இரண்டாவது பெரும்பாலும் நம்முடைய பேணுதலைப் பொறுத்தது. இவ்வுண்மையை யான் இளமையில் ஓர் இழப்பின் வாயிலாகவே கற்றேன்.

எம் ஊர் குத்துக்கல்வலசை. தென்காசியை அடுத்தது; குற்றாலமலைச் சாரலைப் பெறும் பேறுடையது. ஆனி, ஆடித் திங்கள்களில் மேல்காற்று மலைக்கணவாய் வழியே நுண்துளிகளைத் தூவிக்கொண்டு வரும். அக்குளிர்ச்சி உடலுக்கும் உள்ளத்திற்கும் இன்பம் தரும். ஆயினும் இரும்புக்கு அது பெரும்பகை.

யான் தமிழ் பயின்று முடித்த ஆண்டு. ஆசிரியர் பணிக்கு நேரில் வருமாறு வெளியூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. என் சான்றிதழ்கள் அனைத்தும் தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டிக்குத் திருவிழாக் கடையில் வாங்கிய பூட்டு ஒன்று போட்டிருந்தேன். பொன்போல் மின்னியது கண்டு மயங்கி வாங்கியது. புறப்படும் காலையில் சாவியை நுழைத்தேன், திரும்பவில்லை. பேருந்துக்கு நேரமாயிற்று என்னும் பதற்றத்தில் குறடு கொண்டு முறுக்கினேன். சாவி ஒடிந்து பாதி உள்ளே தங்கிவிட்டது! கொல்லுப்பட்டறைப் பெரியவரை அழைத்து வந்து வளையத்தை அறுத்தெடுப்பதற்குள் பேருந்து போய்விட்டது. அடுத்த வண்டியில் சென்று சேர்ந்தபொழுது, அப்பணி வேறொருவர்க்கு உறுதியாகிவிட்டிருந்தது. வாடிய முகத்துடன் திரும்பினேன்.

மறுநாள் அப்பெரியவர் அறுத்த பூட்டைப் பிளந்து காட்டினார். உள்ளே எங்கும் செந்துரு. "தம்பி, இது பித்தளை அன்று, இரும்புக்குப் போர்த்திய பித்தளைப் போர்வை. மின்னுவதைப் பார்த்தாய்; இனத்தைப் பார்க்கவில்லை. வாங்கிய நாள்முதல் இதன் வாயில் ஒரு சொட்டு எண்ணெயேனும் விட்டாயா?" என்று வினவினார். யான் தலைகுனிந்தேன். அன்று அவர் கூறியவற்றோடு பின்னர்க் கற்றவற்றையும் சேர்த்து உங்களுக்கு உரைக்கின்றேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். இரும்பு கலவாமையால் அதற்குத் துரு இல்லை. ஈரத்தால் மேலே களிம்பு படியுமேயன்றி உடல் எளிதில் அழிவதில்லை. போலியைக் கண்டறிய ஒரு காந்தத்துண்டு போதும். பூட்டின் உடலில் காந்தம் ஒட்டினால் அது பூச்சே என்று தெளிக. வளையத்தில் ஒட்டுவது குற்றமன்று. நல்ல பூட்டுகளிலும் வளையத்தை உறுதிகருதி எஃகினால் செய்வது வழக்கம்.

பூட்டு எவ்வாறு இயங்குகின்றது? அதன் வயிற்றினுள் உள்ள நாக்கு ஒன்று வளையத்தின் வெட்டுவாயில் புகுந்து அதனைப் பிடித்துக்கொள்கின்றது. அந்நாக்குப் பின்வாங்காதபடி, மெல்லிய தகடுகள் சில சுருள்விற்களால் அழுத்தப்பெற்று வழிமறித்து நிற்கின்றன. இவற்றையே கடைக்காரர் 'லீவர்' என்பர். திறவுகோலின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவிற்கு உயர்த்தினால், தகடுகளில் உள்ள வெட்டுகள் யாவும் ஒரு நேராக அமைந்து நாக்குக்கு வழிவிடும். ஒரு தகடு அளவிற் குறைந்தாலும் வழியில்லை, மிகுந்தாலும் வழியில்லை. இவ்வமைப்பினை 1778-ஆம் ஆண்டில் இராபர்ட் பாரன் என்னும் ஆங்கிலேயர் வகுத்தார். தகடுகளுக்கு மாற்றாகச் சிறு முளைகளை வரிசையாக அமைக்கும் மற்றொரு வகையை அமெரிக்கராகிய லைனஸ் யேல் 1861-ஆம் ஆண்டில் செப்பமாக்கினார். இன்று நாம் வாங்கும் சிறு பித்தளைப் பூட்டுகளுட் பல இவ்வகையினவே.

நம் நாட்டில் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். அங்குள்ள கைவினைஞர் தகட்டை வெட்டி, அரத்தால் அராவி, சாவிக்கும் தகடுகளுக்கும் பொருத்தம் பார்த்து ஒவ்வொரு பூட்டையும் கையால் உருவாக்குவர். அவர்தம் மாங்காய்ப் பூட்டு தமிழகமெங்கும் அறியப்பட்டது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், எந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகளின் போட்டியால் அத்தொழில் நலிந்துள்ளது. பொருளின் தரம் அறிந்து வாங்குவோர் பெருகினாலன்றித் தரமாகச் செய்வோர் வாழ்தல் அரிது.

பூட்டு வாங்குங்கால் கருத வேண்டியவை சில உள. வளையம் கொண்டியின் துளையில் இடைவெளி மிகாமல் பொருந்துதல் வேண்டும். மிகுந்தால் கடப்பாரை நுழைய இடமாகும். உடன்வரும் சாவிகள் ஒவ்வொன்றையும் பன்முறை திருப்பிப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் வைத்தல் அறிவுடைமை. பூட்டு எத்துணை வலிதாயினும் கொண்டியின் ஆணி ஆட்டங்கண்டிருப்பின் பயனில்லை என்பதையும் மறத்தலாகாது.

இனி, பேணும் முறை. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் பூட்டுக்கு ஆகா. அவை நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்தும் போகும். தகட்டுப் பூட்டுக்குத் தையல் எந்திர எண்ணெய் ஓரிரு சொட்டுப் போதும். முளைப்பூட்டுக்குப் பென்சிலின் கருமுனையைச் சாவியில் நன்கு தேய்த்து, அச்சாவியைப் பலமுறை நுழைத்து எடுத்தல் நலம். பாத்திரம் துலக்குவதுபோல் பூட்டைப் புளிநீரில் ஊறவைத்தல் தவறு. புளிப்பு உட்புகுந்து சுருள்விற்களை அரிக்கும். புறத்தே மட்டும் துலக்கி, ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துக. வாயில் மூடியுள்ள பூட்டாயின் மூடியைத் திறந்தே விட்டுவிடாதீர்கள். நெடுநாள் திறவாத பூட்டினைத் திங்களுக்கு ஒருமுறையேனும் திறந்து மூடுக. சாவி திரும்ப மறுத்தால் வலிமை காட்டாதீர்கள். எண்ணெய் இட்டுச் சிறிது பொறுத்து மெல்ல அசைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தாலும், வெல்லவே முடியாத பூட்டு என்று ஒன்று உலகில் இல்லை. இலண்டன் நகரில் பிராமா என்பவர் செய்த பூட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் திறக்கப்படாமல் இருந்தது. 1851-ஆம் ஆண்டில் ஆப்சு என்னும் அமெரிக்கர் 16 நாள்களில் 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்துவிட்டார். பூட்டு கள்வனைத் தடுத்து நிறுத்தும் சுவர் அன்று. அவனைத் தாமதப்படுத்தும் காவலனே. அத்தாமதத்திற்குள் அயலார் விழித்துக்கொள்வர் என்னும் நம்பிக்கையே நம் காவல். ஆதலின் நல்ல பூட்டோடு நல்ல அண்டைவீட்டாரும் நமக்கு வேண்டும்.

ஓராண்டு கழித்து எனக்கு வேறொரு பள்ளியில் பணி கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் அப்பெரியவரையே உடன் அழைத்துச் சென்று ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினேன். நாற்பது சாரற்காலங்களைக் கண்ட அது இன்றும் என் புத்தக அலமாரியில் தொங்குகின்றது. ஆனி பிறக்குமுன் அதற்கு எண்ணெய் இடுவது என் வழக்கம். பொன்னிறம் மங்கி முகம் கறுத்துவிட்டது. ஆயினும் சாவியை நுழைத்தால் ஒரே திருப்பில் திறக்கின்றது. வேண்டும்பொழுது உதவுவதை, வேண்டாதபொழுதும் பேணுதல் வேண்டும். இது பூட்டுக்கு மட்டுமன்றி, நாம் கற்ற கல்விக்கும் கொண்ட நட்புக்கும் பொருந்தும் அன்றோ?