கிழிசலின் ஓரம்

2013 கோடையில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ‘பங்க்: கேயாஸ் டு கூட்டூர்’ கண்காட்சி நடந்தது. 1970-களின் பங்க் இளைஞர்கள் உடுத்தியது பெரிய ஃபேஷன் வடிவமைப்பாளர்களின் கைக்குப் போய் என்ன ஆனது என்பதுதான் விஷயம். தையலில் பைத்தியம் உள்ள நான் இரண்டு முறை போனேன்.

முதல் முறை சனிக்கிழமை மதியம். எந்த உடைக்கு முன்னாலும் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. அடுத்தது வெள்ளிக்கிழமை மாலை. அன்று இரவு 9 மணி வரை திறந்திருந்தார்கள்; சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வடிந்துவிட்டது. உடைக் கண்காட்சி பார்க்கப் போகிறவர்கள் இப்படியொரு நேரத்தைத் தேடிக்கொள்ளுங்கள். துணி பழசு என்பதால் வெளிச்சம் குறைவாகத்தான் வைப்பார்கள். கண் பழகவே ஐந்து நிமிடம் ஆகும்.

நுழைந்ததும், நியூயார்க்கின் சிபிஜிபி என்ற பங்க் இசைக் கூடத்தின் கழிப்பறை, 1975 வாக்கில் இருந்த மாதிரியே, கிறுக்கிய சுவர்களோடு. பலரும் அங்கேயே நின்றார்கள். நான் அதைச் சட்டென்று கடந்து, லண்டன் 430, கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் நடத்திய ‘செடிஷனரீஸ்’ கடையின் நகலுக்குப் போய்விட்டேன். அவர்களுடைய மஸ்லின் சட்டைகள் மிக எளிய வெட்டு. கை மட்டும் விரல்களைத் தாண்டித் தொங்கும். வீட்டுத் தையல் மெஷினிலேயே தைத்துவிடலாம் என்று தோன்றும். பங்க் உடையின் பலமே அதுதான் என்பேன்: பார்த்தவன் தானும் செய்துகொள்ளலாம்.

என்னை நகரவிடாமல் பிடித்து வைத்தவை ஊக்குகள். நியூயார்க் பாடகர் ரிச்சர்ட் ஹெல் கிழிந்த டி-ஷர்ட்டை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டதை மெக்லாரன் பார்த்தார்; அந்தக் கோலம் லண்டனுக்குப் போனது. 1977-லேயே வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் அதை உயர்தர உடையாக்கிவிட்டார். அவருடைய ஜெர்சி உடையைக் கிட்டத்தில் பார்த்தால், ஓட்டைகளின் ஓரம் பிரியாதபடி நூலால் அடித்திருப்பது தெரியும். அதாவது, அந்தக் கிழிசல் இனி ஒருநாளும் பெரிதாகாது. 1994-ல் வெர்சாச்சே செய்த கறுப்பு உடைக்கு வந்தால் ஊக்கு பெரிதாகி, பொன்னிறமாகி, நகையாகவே ஆகிவிட்டது. காசில்லாதவன் கிழிந்ததைச் சேர்த்துப் பிடிக்க வைத்த பொருள்! ஊக்குக்கு 1849-ல் காப்புரிமை வாங்கிய வால்டர் ஹன்ட்டும் நியூயார்க்காரர்தான். பதினைந்து டாலர் கடனை அடைக்க அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பார்கள்.

அந்த நூல் ஓரத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. விளக்க அட்டையை முதலில் படிப்பதில்லை. உடையைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம், கைக்குழி, கீழ் ஓரம் மூன்றையும் பார்த்துவிட்டு, எந்தத் துணி என்று ஊகித்த பிறகுதான் அட்டைக்குப் போவேன். கேரத் பியூவின் கறுப்பு கவுன் பட்டு என்று நினைத்து நெருங்கினேன், குப்பைப் பை. சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். ஒரு தையலை வரைந்து பார்த்தால் அது மறக்கவே மறக்காது.

ஒரு ஏக்கம் மட்டும் இருந்தது. பெயர் தெரியாத பையன்களும் பெண்களும் வீட்டில் கிழித்து, எழுதி, வியர்வையோடு போட்ட சட்டைகள் இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டும். அவைதான் மூலம்.

மறுநாள் சிபிஜிபி இருந்த 315, பவரி தெருவுக்குப் போனேன். சிபிஜிபி 2006-ல் மூடப்பட்டது. நான் போனபோது அங்கே ஆண்களுக்கான விலை உயர்ந்த துணிக்கடை. பழைய போஸ்டர் சுவரின் ஒரு பகுதியைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள்.

லண்டன் போகிறவர்கள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் வெஸ்ட்வுட்டின் பழைய உடைகள் காட்சியில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இருந்தால் அவசியம் பாருங்கள், முதுகுப் பக்கத்தையும் சேர்த்து.