மறியல் 1987, மண்டல் 1990: ஒப்பிடுக – முக்கியக் குறிப்புகள்

(குரூப் 1, குரூப் 2 மெயின்ஸ். இரண்டையும் தனித்தனியாகப் படித்தவர்கள் 'ஒப்பிடுக' என்றதும் தடுமாறுகிறார்கள்.)

• 1987 செப்டம்பர் 17: வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியல் தொடக்கம். சங்கம் தோன்றியது 1980. நிறுவனர் மருத்துவர் ச. ராமதாஸ். கோரிக்கை: மாநிலத்தில் 20%, மத்தியில் 2% தனி ஒதுக்கீடு. அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர். உயிரிழந்தோர் 21 பேர்.

• கண்ணமங்கலம் வழியாகப் போகும் வேலூர்–திருவண்ணாமலை சாலை போன்ற வடமாவட்டச் சாலைகளே இந்தப் போராட்டத்தின் களம். ஆயுதம் கோடரி. சாலையோரப் புளியமரம் ஒன்று தாரின் குறுக்கே விழுந்தால் அதற்குப் பின்னால் பஸ், லாரி எல்லாம் வரிசையாக நிற்கும். ஒரு எச்சரிக்கை: அன்று கண்ணமங்கலம் இருந்தது வட ஆற்காடு மாவட்டத்தில். திருவண்ணாமலை மாவட்டம் பிறந்தது 1989இல்.

• 1990 ஆகஸ்ட் 7: மண்டல் குழு பரிந்துரைத்த 27% ஒதுக்கீட்டைப் பிரதமர் வி.பி. சிங் அறிவித்தார். வட இந்தியக் கல்லூரி மாணவர்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தனர். செப்டம்பர் 19 அன்று டெல்லி மாணவர் ராஜீவ் கோஸ்வாமி தீக்குளித்தார். அன்று உயிர் பிழைத்தார், 2004இல் இறந்தார். தமிழ்நாட்டில் இந்த எதிர்ப்பு வேர் பிடிக்கவில்லை. 1980 முதலே இங்கே பிற்படுத்தப்பட்டோருக்கு 50% இருந்தது.

• ஒற்றுமை: ஒரு தரப்பு ஒதுக்கீடு கேட்டது, மறு தரப்பு வேண்டாம் என்றது. ஆனாலும் குறை ஒன்றே: 'அரசு கணக்குப் போடத் தெரியாமல் எங்களை ஏமாற்றுகிறது.' இரு தரப்பிலும் முன்னே நின்றவர்கள் வேலை கிடைக்குமா என்ற பயத்தில் இருந்த இளைஞர்கள். அரசு வேலைதான் வாழ்க்கை என்ற நம்பிக்கையும் பொதுவானது. (கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நமக்கு விளக்கம் தேவையில்லை.)

• வேற்றுமை: 1987 கேட்டது சாதித் தலைக்கணக்கு, 1990 கேட்டது மதிப்பெண் கணக்கு. முன்னதற்குச் சங்கமும் ஒரே தலைவரும் இருந்தனர். பின்னது கல்லூரி வளாகங்களில் தானாகக் கிளம்பியது. முன்னது 1989 ஜூலையில் பா.ம.க. என்ற கட்சியானது, பின்னது எந்தக் கட்சியும் ஆகவில்லை. மறியல் வாரத்தில் தலித் குடிசைகள் எரிந்ததையும் விடாமல் எழுதுங்கள். விடை முழுமை பெறும்.

• கிடைத்தது: யாருக்கும் கேட்டபடி கிடைக்கவில்லை. 1989இல் கருணாநிதி அரசு 50%ஐ 30, 20 என்று பிரித்து மிகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவை உருவாக்கியது. வன்னியர் தமக்கென்று கேட்ட 20% பல சாதிகளுக்குப் பொதுவானது. 2021இல் வந்த 10.5% உள் ஒதுக்கீட்டை 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மண்டல் பக்கம்: 1992 நவம்பர் 16, இந்திரா சாஹனி தீர்ப்பு. 27% செல்லும், 50% உச்சவரம்பு, கிரீமி லேயர் நீக்கம். பொருளாதார அடிப்படையிலான 10% அன்று ரத்தானது; 2019இல் 103ஆவது திருத்தத்தால் திரும்பி வந்தது.

• மனப்பாடம் (தமிழ்நாட்டின் மொத்த ஒதுக்கீடு, %): 30 + 20 + 18 + 1 = 69. சட்டம் 1993, 76ஆவது திருத்தம் 1994, ஒன்பதாம் அட்டவணை. கடைசி 1% பழங்குடியினருக்கு. ஜவ்வாது மலையின் மலையாளிகள் அதற்குள்தான் வருகிறார்கள்.