இறையும் அறமும்

நுழையும்முன்

வரி என்றதும் கணக்கும் சட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு முன்னரே எழ வேண்டிய வினா ஒன்று உண்டு. யாரிடமிருந்து, எவ்வளவு, எந்த நியாயத்தால் பெறுவது என்பதே அது. தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையிலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் வரலாற்றிலும் இன்றைய வாழ்விலும் இவ்வினா ஆழமாகப் பதிந்துள்ளது. வருமானத்தின் மீதும் வழிவழி வரும் சொத்தின் மீதும் வரி விதிக்கும்போது அறத்திற்கு என்ன இடம் என்பதை அம்மண்ணிலிருந்தே இப்பாடம் ஆராய்கிறது.

தமிழில் 'இறை' என்னும் சொல்லுக்கு அரசன் என்று பொருள். அரசனுக்குச் செலுத்தும் வரி என்றும் பொருள். வரி நீக்கப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'இறையிலி' எனக் குறிக்கின்றன. ஆள்வோனையும் அவன் பெறும் பொருளையும் ஒரே சொல்லால் வழங்கிய மரபு, அப்பொருள் எவ்வாறு வர வேண்டும் என்பதிலும் கருத்துச் செலுத்தியது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையை நீங்கள் அறிவீர்கள். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் சிறுநிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் அது உண்பதைவிட அதன் காலடியில் அழிவது மிகுதி. வரி தண்டும் முறைக்கு இதனினும் தெளிவான உவமையைக் காண்பது அரிது. எனினும், சிறுவயலும் பெருவயலும் ஒரே வீதத்தில் இறை செலுத்த வேண்டுமா என்பது அப்பாடலின் பொருளன்று.

திருவள்ளுவர் அரசுக்குரிய பொருளை மூன்றாக வகுக்கிறார். அவற்றுள் முதலாவது உறுபொருள். உடையவர் இல்லாமையால் தானே வந்து சேர்வது என்று அதனை விளக்கும் பரிமேலழகர், உரிமைத் தாயத்தார் பெறாத பொருளையும் அதனுள் அடக்குகிறார். வாரிசு இல்லாதபோதுதான் ஒருவர் விட்டுச்சென்ற பொருள் அரசைச் சேரும் என்பது அவ்வுரையிலிருந்து நாம் பெறும் கருத்து. வாரிசு இருக்கும்போதும் அச்சொத்தில் சமூகத்திற்கு ஒரு பங்கு உண்டா என்பது பிற்காலத்தில் எழுந்த வினா.

தொரப்பள்ளியின் மைந்தர்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று பிறந்தவர் இராஜாஜி. வரியின் அறத்தைப் பற்றி அவருடைய பொதுவாழ்வு எழுப்பும் வினாக்களைப் பொருளியல் நூல்கள்கூட இவ்வளவு கூர்மையாக எழுப்புவதில்லை. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்குத் தொண்டர்களை நடத்திச் சென்று உப்புச் சட்டத்தை மீறினார். உப்புக்காக ஒருவர் செலுத்திய வரி சிறிது. ஆயினும் நிலக்கிழாரும் கூலியாளும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பையே உண்கின்றனர். ஆகவே, குறைந்த வருவாய் உடையவர் தோளிலேயே அவ்வரி கனமாக அழுத்தியது.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவரே சென்னை மாகாண அரசின் தலைவரானார். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலம் மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. தாம் பிறந்த மண்ணிலிருந்தே அவர் தொடங்கினார் எனலாம். கள்ளுக்கும் சாராயத்திற்கும் விதிக்கப்பட்ட ஆயத்தீர்வை அக்காலத்தில் மாகாண வருவாயின் பெரும்பங்காக இருந்தது. குடியால் சிதையும் குடும்பங்களிடமிருந்து வரும் பணத்தை அரசு நாடலாகாது என்பது அறத்தின்பாற்பட்ட முடிவு. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், கருவூலத்தில் விழுந்த பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, வேளாண்மை தவிர்த்த வருமானத்தின் மீதான வரி மைய அரசுக்கு உரியது. பொருள்களின் விற்பனை மீது வரி விதிக்கும் உரிமையோ மாகாணத்திடம் இருந்தது. இராஜாஜி அரசு அவ்வழியையே தேர்ந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இந்தியாவில் பொதுவான விற்பனை வரிக்கு முன்னோடியாயிற்று. வணிகர்கள் எதிர்த்தனர். வணிகர் செலுத்தும் வரி இறுதியில் பொருளின் விலையில் ஏறும். விலையைக் கொடுப்பவர் வாங்குபவர். உப்பைக் குறித்து வேதாரண்யத்தில் எழுந்த வினா, இப்போது கடைத்தெருப் பொருள்களைக் குறித்தும் எழுந்தது.

பின்னர் நடந்ததையும் நாம் கருத வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், மக்களாட்சி அமைச்சரவை இல்லாத வேளையில், மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. விற்பனை வரியோ நின்றுவிட்டது. பிற மாகாணங்களுக்கும் பரவியது. உயர்ந்த நோக்கத்திற்குத் துணையாக வந்த வரி, அந்நோக்கம் கைவிடப்பட்ட பின்னும் வாழ்ந்தது. நோக்கம் அறமானது என்பதாலேயே வரியும் அறமானதாகிவிடாது. அதைச் சுமப்பவர் யார் எனத் தனியே கேட்டாக வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கிடைக்கும் சான்று இது.

ஊதியமும் விளைச்சலும்

சிப்காட் நிறுவனம் 1971இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டை அமைந்த பின், மானாவாரியாகக் கேழ்வரகு விளைந்த ஓசூர் மேட்டுநிலத்தில் சரக்குந்து, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் முதலியன உருவாயின. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். அதே மண்ணில் பசுமைக்குடில்களில் ரோசா மலர்ந்து வெளிநாடுகளுக்குச் செல்கிறது; கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளோ பெரும்புகழ் பெற்றவை.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். வருமானவரி வரம்பைக் கடந்த ஊதியம் பெறும் ஆலைப் பணியாளர் ஒருவருக்கு, வரி போக எஞ்சியதே மாதந்தோறும் கையில் கிடைக்கிறது. அவர் பெறும் அதே தொகையை மலர்ச் சாகுபடியில் மட்டும் ஈட்டும் பெருவிவசாயி வருமானவரி செலுத்த வேண்டியதில்லை. வேளாண் வருமானத்திற்கு வரி விதிக்கும் உரிமையை அரசமைப்பு மாநிலங்களுக்கு அளித்துள்ளது. மைய வருமானவரிச் சட்டம் அதனை விலக்கிவைக்கிறது. பிற வருமானமும் உடையவருக்கு வரிவீதத்தைக் கணிக்கும்போது மட்டுமே வேளாண் வருமானம் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. மழை பொய்த்தால் கடனாளியாகும் சிறு உழவரைக் காக்கும் இவ்விலக்கு நியாயமானது. அதே குடையின்கீழ் கோடிகளில் ஈட்டுபவரும் நிற்பதற்குத்தான் நியாயம் காண்பது கடினம். கே.என். இராஜ் தலைமையிலான குழு 1972இலேயே பெரிய வேளாண் உடைமைகளுக்கு வரி விதிக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை.

'வரியின் பணி வருவாய் ஈட்டுவது. அறம் போதிப்பதன்று' என்று வாதிடுவோர் உண்டு. கேட்பதற்குத் தெளிவாகத் தோன்றினும் இவ்வாதம் நிற்பதில்லை. ஒருவருக்கு வரி விதிப்பது ஒரு தீர்ப்பு என்றால், மற்றவருக்கு விதிக்காமல் விடுவதும் தீர்ப்பே. பணியாளரின் ஊதியத்தில் பிடித்தம் செய்யும் சட்டமும் மலர்த்தோட்ட வருவாயை விட்டுவிடும் சட்டமும் எது நியாயம் என்ற கேள்விக்கு ஏதோ ஒரு விடையை உள்ளடக்கியே எழுதப்பட்டுள்ளன. அவ்விடை வெளிப்படையாக ஆராயப்படுகிறதா என்பதே கேள்வி.

வீதம் உயர்ந்தால் நீதியும் உயருமா?

விடுதலை பெற்ற இந்தியா செல்வக்குவிப்பைத் தடுக்க முனைந்தது. பொருளாதார அமைப்பின் செயல்பாட்டால் செல்வம் பொதுநலனுக்குக் கேடாக ஒருசிலரிடம் திரளாதவாறு அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என அரசமைப்பின் 39ஆம் உறுப்பு வழிகாட்டுகிறது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது வரி விதிக்கும் எஸ்டேட் தீர்வைச் சட்டம் 1953இல் இயற்றப்பட்டது. பிற்காலத்தில், 20 இலட்சம் ரூபாயைக் கடந்த சொத்துப்பகுதிக்கு அதன் வீதம் 85 விழுக்காட்டை எட்டியது. வருமானவரியின் உச்ச வீதமும் கூடுதல் வரியுடன் சேர்த்து 1973-74இல் 97.75 விழுக்காடாக இருந்தது.

தாளில் இவ்வெண்கள் கடுமையானவை. நடைமுறையில் விளைந்தது வேறு. சொத்துகள் உயிருடன் இருக்கும்போதே பல பெயர்களுக்குப் பிரிந்தன. மதிப்பீட்டு வழக்குகள் நீண்டன. 1985இல் நிதியமைச்சர் வி.பி. சிங் எஸ்டேட் தீர்வையை நீக்கியபோது, அதனால் ஆண்டுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 20 கோடி ரூபாய் மட்டுமே. செல்வ ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நோக்கமும் நிறைவேறவில்லை, தண்டும் செலவோ மிகுதி என்று அவர் காரணம் கூறினார். பிசிராந்தையாரின் யானை இங்கே வயலில் புகுந்தது; ஆனால், அதன் வயிறும் நிரம்பவில்லை.

தமது முதுமையில், 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய இராஜாஜி, அரசின் கட்டுப்பாடுகளும் வரிச்சுமையும் பெருகுவதை எதிர்த்தார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. மிகுந்த வீதம் நேர்மையாளரை ஒறுத்து, மறைப்பவரை வாழவைக்கும் என்ற அச்சம் மெய்யானது என்பதை மட்டும் எஸ்டேட் தீர்வையின் வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றைக் கொண்டே மரபுரிமைச் சொத்துக்கு வரியே கூடாது என முடிவு கட்டுவதும் பொருந்தாது. ஜப்பானில் இவ்வகை வரியின் உச்ச வீதம் 55 விழுக்காடு. பிரிட்டனில் 40 விழுக்காடு. ஸ்வீடனும் ஆஸ்திரேலியாவும் அதனை நீக்கிவிட்டன.

தெரிந்து தெளிவோம்

விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று அளித்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம். பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டரின் பரிந்துரையை ஒட்டி 1957இல் செல்வவரியைக் கொண்டுவந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கொடைவரி 1958இல் வந்து 1998இல் நீங்கியது. செல்வவரி 2015இல் நீக்கப்பட்டது.

ஒன்பது ரூபாயும் பன்னிரண்டரைக் காசும்

எஸ்டேட் தீர்வை மறைந்த பின், சொத்துக் கைம்மாறும்போது மக்கள் நேரில் காணும் வரி, சார்பதிவாளர் அலுவலகத்தில் செலுத்தும் முத்திரைத் தீர்வையே. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஓசூரில் பல்லாண்டு உழைத்துச் சேமித்த தொழிலாளி 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுமனையை வாங்கினால் 1,35,000 ரூபாய் செலுத்துகிறார். நூறு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய்.

குடும்ப உறுப்பினருக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா 1 விழுக்காடுதான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டபடி, தீர்வைக்கு 40,000 ரூபாயும் கட்டணத்திற்கு 10,000 ரூபாயும் அவ்வரம்பு. தந்தையிடமிருந்து 5 இலட்சம் மதிப்புள்ள சிறுவீட்டைப் பெறும் மகள் 10,000 ரூபாய் செலுத்துகிறாள். நூற்றுக்கு இரண்டு ரூபாய். 4 கோடி மதிப்புள்ள நெடுஞ்சாலையோர நிலத்தைப் பெறும் மகன் செலுத்துவது 50,000 ரூபாய். நூற்றுக்குப் பன்னிரண்டரைக் காசு. உச்சவரம்பு என்னும் ஒரு சிறு விதி, ஏழைக்கு மிகுதி, செல்வருக்குக் குறைவு என்று வரியைத் தலைகீழாக்கிவிடுவதைக் காண்க.

இச்சலுகைக்கும் நியாயம் இல்லாமலில்லை. செலவு மிகுந்தால் குடும்பங்கள் வாய்மொழியாகவே பாகம் பிரித்துக்கொள்ளும். பிற்காலத்தில் வழக்கு மூளும். 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டுப் பெண்கள் பெற்ற சம பங்கும் ஏட்டிலேயே நின்றுவிடும். எனவே, குறைந்த தீர்வை வேண்டும். நான்கு கோடிக்கும் அதே வரம்பு வேண்டுமா என்பதே மறுபரிசீலனைக்குரியது.

'பெற்றோர் உழைத்து, வரியும் செலுத்திச் சேர்த்ததற்கு மீண்டும் வரியா?' என்னும் குரல் வலிமையானது. ஊதியத்தில் மிச்சம்பிடித்துக் கட்டிய வீட்டிற்கு அது முழுவதும் பொருந்தும். மேட்டுநிலம் கோடி பெறுவதாகியது யார் உழைப்பால்? தொழிற்பேட்டையும் தேசிய நெடுஞ்சாலையும் பொதுப்பணத்தில் வந்தன; பெங்களூரின் வளர்ச்சி எல்லை தாண்டி விலையை ஏற்றியது; வெளியூர்த் தொழிலாளர் வருகையால் வீட்டுமனைக்குத் தேவை பெருகியது. நிலத்திற்கு உரியவர் அவ்விடத்தில் இருந்தார், அவ்வளவே. உழைத்துச் சேர்த்ததையும் ஊரால் உயர்ந்ததையும் ஒரே தட்டில் வைப்பதுதான் இவ்விவாதத்தின் குழப்பத்திற்கு வேர் என்று தோன்றுகிறது.

நிலம் உண்டு, கையில் பணம் இல்லை என்னும் நிலையிலுள்ள கைம்பெண்ணை நிலத்தை விற்று வரி செலுத்தச் சொல்வது கொடுமை. அத்தகையோரை விலக்கும் வரம்பும், நிலம் விற்கப்படும் நாள்வரை தவணையும் சட்டத்திலேயே இடம்பெற முடியும். வரி கூடினால் முதலீடு அத்திப்பள்ளிக்கு அப்பால் கருநாடகத்திற்குப் போய்விடும் என்ற அச்சமும் ஓசூரில் எழும். ஆலை போகலாம், பணமும் போகலாம். நிலம் எல்லை தாண்டுவதில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் உள்ள கிரயப் பத்திரம் அல்லது செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்றில் குறிக்கப்பட்ட சொத்துமதிப்பு, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைப் பெற்றோர் துணையுடன் கண்டறிந்து, நூறு ரூபாய்க்கு எவ்வளவு செலுத்தப்பட்டது எனக் கணக்கிடுக.

2. 'மதுவிலக்கால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய விற்பனை வரி விதித்தது அறமே / அறமன்று' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. செட்டில்மெண்ட் பத்திரத் தீர்வைக்கான உச்சவரம்பை நீங்கள் மாற்றியமைப்பதாயின், யாருக்கு விலக்கு அளிப்பீர்கள், யாரிடம் கூடுதலாகப் பெறுவீர்கள்? காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.